சரிவில் வெட்டாத குழி

அத்தியாயம் 14

போன வாரம் சாப்பாட்டு மேசையில் அப்பா போட்ட நிபந்தனையோடுதான் வாண்டு கண் விழித்தாள். இன்றைய கோல்ஃப் அணித் தேர்வுப் போட்டியில் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால் அவள் மனப்பயிற்சிக்குத் தொடர்ந்து போகலாம். வராவிட்டால் இன்றோடு அதற்கு முழுக்கு. அம்மா குறுக்கே பேசுவதற்குள் வாண்டுவே சரி என்று தலையாட்டிவிட்டாள். அவளுக்கு ரோஷம் முதலில் வரும், யோசனை பிறகுதான் வரும்.

பதினாறு வயதாகியும் வாண்டு என்ற பெயர் அவளை விடவில்லை. கோல்ஃப் மைதானத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் அப்பா அந்த மைதானத்தின் தலைமைப் புல் பராமரிப்பாளர். இருபத்திரண்டு வருடங்களாக அங்கே ஒவ்வொரு புல்லும் அவரைக் கேட்டுத்தான் வளர்கிறது என்று கேலியாகச் சொல்வார்கள். மட்டையை மகள் கையில் கொடுத்ததும் அவர்தான். நேற்று வரைக்கும் அவளுக்கு வேறு பயிற்சியாளர் கிடையாது.

நேற்று வரைக்கும் என்பது சரியில்லை. ஐந்து வாரங்களுக்கு முன்பு வரைக்கும்.

அதற்கும் ஒரு வாரம் முன்பு ஒரு போட்டியின் கடைசிக் குழியில், மூன்றடி தூரத்தில் பந்து கிடந்தது. அதை உருட்டிக் குழியில் தள்ளினால் வெற்றி. தூங்கி எழுந்து பல் துலக்கும் முன்பே வாண்டு நூறு முறை செய்து முடிக்கக்கூடிய வேலை. அன்றைக்கு அவளால் மட்டையைப் பின்னால் இழுக்கவே முடியவில்லை. கை நடுங்கியது, பிறகு மரத்துப்போனது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, இரண்டு நிமிடம் குனிந்தபடியே நின்றுவிட்டு, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்துவிட்டாள்.

தினமும் சாயங்காலம் முந்நூறு பந்து உருட்டினால் தானாகச் சரியாகும் என்றார் அப்பா. அம்மாவுக்கு அது ஒப்பவில்லை. அம்மாவுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. ஆறடி உயர ஆசாமிகள் நாற்காலிக்குப் பயந்து கழிவறை ஜன்னல் வழியாகத் தப்பிக்கப் பார்ப்பதை எல்லாம் கண்ணால் கண்டவள். பயம் என்பது சோம்பேறித்தனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அங்கே சிகிச்சைக்கு வந்த ஒரு பெண், விளையாட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பயிற்சி தருகிறவர் என்று தெரிந்ததும் அம்மா அன்றைக்கே மகளுக்காக நேரம் கேட்டு வாங்கிவிட்டாள்.

அப்பா கொதித்துப்போனார். "மனசு என்ன தனியா மட்டை பிடிக்குதா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்கு மூச்சு டீச்சர் என்று பெயரும் வைத்தார். அந்த டீச்சர் மூச்சைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தரவில்லை என்பது வேறு விஷயம்.

முதல் நாள் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இரண்டு நாற்காலி மட்டும் இருந்த அந்தச் சின்ன அறையில், கை நடுங்கினால் என்ன ஆகும் என்று கேட்டார். பந்து தப்பும் என்றாள் வாண்டு.

"தப்பினா?"

"அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார்."

"அப்புறம்?"

"அப்புறமும் ஒண்ணும் சொல்ல மாட்டார். வீடு வர்ற வரைக்கும் சொல்ல மாட்டார்."

சொல்லி முடித்ததும் வாண்டுவுக்கே தூக்கிவாரிப் போட்டது. இதை அவள் இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமும் சொல்லிக்கொண்டதில்லை. டீச்சர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நடுக்கத்தை நிறுத்த வழி கேட்டதற்கு, நிறுத்த வேண்டாம் என்றுவிட்டார். "நடுங்கினா நடுங்கட்டும். நடுங்குற கையோடயே அடி. அடிக்காம திரும்பி வராதே, அது போதும்."

ஐந்து வாரமாக அதைத்தான் அவள் பழகினாள். பந்துக்குப் பின்னாலிருந்து இரண்டு முறை பார்ப்பது, ஒரு முறை வெறும் வீச்சு, பக்கத்தில் நின்று மனதுக்குள் நாலு எண்ணி அடித்துவிடுவது. நடுங்கினாலும் நாலு, நடுங்காவிட்டாலும் நாலு. அப்பா இதைக் கேட்டுவிட்டு, எண்ணத் தெரிந்தால் பந்து குழியில் விழுமா என்று சிரித்தார்.

இன்று காலை அப்பா வீட்டில் இல்லை. விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார் என்றாள் அம்மா, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி. போட்டி நாளென்றால் அது வழக்கம்தான். ஆனாலும் அம்மா ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள். வாண்டு விடாமல் கேட்டதும், அவர் ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டே இருந்தார் என்று மட்டும் சொன்னாள். மதியம் வேலை முடிந்ததும் நேராக மைதானத்துக்கு வந்துவிடுவதாகவும் சொன்னாள்.

மொத்தம் இருபத்துநாலு பெண்கள், நாலு இடம். வாண்டுவோடு சேர்ந்து ஆட வந்தவர்களில் ஒருத்தி உயரமாக, இடுப்பு வரை குதிரைவால் போட்டிருந்தாள். நல்ல ஆட்டக்காரி. சிரிக்காதவள்.

முதல் குழியில் வாண்டுவின் பந்து ஐந்தடியில் நின்றது. கிரீன் எனப்படும், குழியைச் சுற்றிய அந்த மெத்தென்ற புல்தரையில் குனிந்ததும் கை நடுங்கத் தொடங்கியது. நடுங்கட்டும் என்றாள். நாலு எண்ணினாள், அடித்தாள், பந்து நேராகப் போய் விழுந்தது. இரண்டாவதிலும் விழுந்தது. மூன்றாவதில் ஏழடி, அதுவும் விழுந்தது. நான்காவதிலும் விழுந்தபோது அவளுக்கு உள்ளூர ஒரு கொண்டாட்டமே நடந்துகொண்டிருந்தது. அப்பாவிடம் போய் எண்ணத் தெரிந்தால் விழுகிறது பாருங்கள் என்று எப்படிச் சொல்வது, எந்த நேரத்தில் சொன்னால் அதிகம் உறைக்கும் என்றுகூட யோசித்துவைத்துவிட்டாள்.

ஐந்தாவது கிரீனில் அந்த வெள்ளைப் புள்ளி கண்ணில் பட்டது.

சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சின்னப் பெயிண்ட் புள்ளி. மற்ற இருபத்துமூன்று பேரும் அதை மிதித்துக்கொண்டே போயிருப்பார்கள். புல்காரர் மகளுக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். போட்டிக்கு முந்தின நாள் மாலை மைதானச் செயலாளர் ஒவ்வொரு கிரீனிலும் குழி எங்கே வரவேண்டும் என்று பார்த்து ஒரு புள்ளி வைப்பார். காலையில் அப்பா குழிவெட்டியை அந்தப் புள்ளிமேல் வைத்து அழுத்தித் திருகுவார். குழியோடு புள்ளியும் போய்விடும். குழி வெட்டிய கிரீனில் புள்ளி மிச்சமிருக்க வழியே இல்லை.

இங்கே இருந்தது. சரிவின் நடுவில், பந்தை வலப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும் இடத்தில். குழியோ அதிலிருந்து ஏழெட்டுத் தப்படி தள்ளி, மேசை மாதிரி சமமான இடத்தில் இருந்தது.

சரிவில் இறங்கி வலப்பக்கம் திரும்பும் பந்து. உலகத்தில் வாண்டு பயப்படும் பந்து அது ஒன்றுதான். அன்றைக்கு மூன்றடியில் அவளை மரத்துப்போக வைத்ததும் அதுதான்.

ஆறாவது கிரீனில் புள்ளி இல்லை. ஆனால் சரிவில் ஒரு பொத்தான் அளவுக்குப் புல் நுனி கத்தரிக்கப்பட்டிருந்தது. ஏழாவதிலும் அப்படியே. பெயிண்ட் பட்ட நுனிகளை அப்பா கைக்கத்தரியால் வெட்டி எடுத்திருக்கிறார். ஐந்தாவதில் மட்டும் மறந்துவிட்டார், அல்லது வெளிச்சம் வந்துவிட்டது.

வாண்டு வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். முதல் நாலு கிரீனிலும் அவள் கீழே பார்க்கவே இல்லை. விழுந்த அந்த நாலு பந்தும் இப்போது யாருடையவை?

ஒன்பது குழி முடிந்ததும் பத்து நிமிட இடைவேளை. வாண்டு தண்ணீர்கூடக் குடிக்காமல் புல்வெட்டும் வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் போனாள். அப்பா கத்திகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மகள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தார்.

முதலில் பூசி மெழுகப் பார்த்தார். தரை ஈரமாக இருந்தது, ஓரம் உடைந்துவிடும் என்று மாற்றினேன் என்றார். வாண்டு அசையாமல் நின்றதைப் பார்த்து அதை விட்டுவிட்டார். எல்லோருக்கும் ஒரே குழிதானே, இதில் யாரை ஏமாற்றினேன் என்று கேட்டார்.

"எல்லாருக்கும் ஒரே குழிதான். ஆனா எனக்காக வெட்டினதுதானே?"

"ஆமா. உனக்காகத்தான். அன்னைக்கு நீ அப்படி நின்னதை நான் இன்னொரு தடவை பாக்கணுமா?"

"நீங்க பாக்கக்கூடாதுங்கிறதுக்காக நான் ஆடக்கூடாதா?"

அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

வாண்டுவுக்கு அழுகை வந்தது, ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது. ஐந்து வாரம். அந்தப் பயிற்சியால் ஏதாவது பிரயோஜனம் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கிடைத்தது இந்த ஒரே ஒரு நாள்தான். "எண்ணினதால விழுந்துதா, நீங்க வெட்டினதால விழுந்துதா? இனி எப்படிப்பா தெரியும் எனக்கு? தோத்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும்" என்றாள். நீங்களே போய்ச் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னாள். சொன்னால் இருபத்திரண்டு வருட வேலை என்ன ஆகும் என்று யோசித்தாயா என்று அவர் கேட்டார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றாள். அது பொய். அப்போதுதான் யோசிக்கவே ஆரம்பித்தாள்.

மிச்ச ஒன்பது குழிகளையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். சில கிரீன்களில் குழி சரிவிலேயே இருந்தது, அங்கே இரண்டு பந்து தப்பியது. சமமான இடங்களில் விழுந்தது. விழுந்தபோது சந்தோஷம் வரவில்லை. அப்பாவின் வேலை போனால் என்ன செய்வார்கள் என்று ஒவ்வொரு குழிக்கும் நடக்கும்போது நினைத்தாள். அந்த மனிதருக்குப் புல்லைத் தவிர வேறு எதுவும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு ஆடி முடித்தால் ஒருவர் வயிற்றிலும் அடிக்காமல் வீட்டுக்குப் போகலாம். அப்படிப் போனால் இனி ஒவ்வொரு போட்டியிலும் குனிந்து புல்லில் பொத்தானைத் தேடிக்கொண்டுதான் நிற்கவேண்டியிருக்கும்.

பதினெட்டாவது கிரீனுக்கு வந்தபோது கயிற்றுக்கு வெளியே அம்மா மருத்துவமனையின் நீல மேலங்கியோடு நின்றிருந்தாள். அப்பா செயலாளருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் எதையும் சொல்லவில்லை என்பது செயலாளரின் மலர்ந்த முகத்திலேயே தெரிந்தது.

ஸ்கோர் அட்டைகளைக் கூட்டிப் பார்த்தார்கள். முதல் மூன்று இடம் முடிந்துவிட்டது. நாலாவது இடத்துக்கு வாண்டுவும் குதிரைவாலும் சமம். பதினெட்டாவது குழியை இருவரும் மறுபடி ஆடவேண்டும், குறைந்த அடியில் முடிப்பவருக்கு இடம் என்றார் செயலாளர். அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பதினெட்டாவது கிரீனிலும் குழி சமதரையில்தான் இருந்தது. சரிவில் பொத்தான் அளவு கத்தரித்த புல். இதில் அடித்தால் விழும். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழும்.

"சார்," என்றாள் வாண்டு. குரல் பிசிறியது, இன்னொரு முறை சொன்னாள். "இந்தக் குழி நீங்க புள்ளி வெச்ச இடத்துல இல்ல. நீங்க வெச்ச இடத்துல வெட்டச் சொல்லுங்க. அதுக்கப்புறம் ஆடுறேன்."

செயலாளர் குழி இடங்களைக் குறித்துவைத்திருந்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். கிரீனைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். செயலாளர் நல்ல மனிதர், தப்பிக்க ஒரு கதவையும் திறந்துவைத்தார். புள்ளி சரியாகத் தெரியாமல் இடம் மாறிவிட்டதா என்று கேட்டார்.

அப்பா ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாண்டுவே ஒரு கணம், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் அப்பா என்று நினைத்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"இல்ல சார். நல்லாத் தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் மாத்தினேன். மொத்தம் எட்டுக் குழி."

 அம்மாவின் முகத்தை வாண்டு பார்க்கவே துணியவில்லை. செயலாளர் போட்டி நடுவர்கள் இரண்டு பேரைத் தள்ளி அழைத்துப்போய்க் கலந்து பேசினார். குழிகள் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருந்ததால் இதுவரை ஆடிய ஆட்டம் செல்லும், இந்தக் கடைசி ஆட்டத்துக்குக் குழி தாளில் உள்ள இடத்துக்கு மாறும் என்று வந்து சொன்னார். அப்பாவிடம், மற்றதை ஆபீசில் பேசிக்கொள்ளலாம், இப்போது வேலையை முடியுங்கள் என்றார். அவர் முகத்தில் சற்றுமுன் இருந்த மலர்ச்சி இல்லை.

அப்பா குழிவெட்டியைக் கொண்டுவந்தார். தாளைக் கேட்கவில்லை. எந்த இடம் என்று அவருக்கு மனப்பாடம். முழங்காலிட்டு, செங்குத்தாக நிறுத்தி, ஓரம் ஒரு இழை பிசகாமல் திருகி எடுத்தார். எடுத்த மண்கட்டியைப் பழைய குழியில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். அத்தனை பேர் பார்வைக்கு நடுவிலும் அந்தக் கைகள் வேலையில் குறை வைக்கவில்லை. வாண்டுவுக்கு அப்போது அவர்மேல் தாங்கமுடியாத பாசம் வந்தது, அதற்காகவும் கோபம் வந்தது.

இருவரும் ஆடினார்கள். இருவர் பந்தும் ஒரே எண்ணிக்கையில் கிரீனுக்கு வந்தது. குதிரைவாலின் பந்து குழிக்குக் கீழே ஆறடியில். அவள் மேலே ஏற்றி அடித்தாள், விழுந்தது. இப்போதும் சிரிக்கவில்லை.

வாண்டுவின் பந்து குழிக்கு மேலே நாலடியில் கிடந்தது. சரிவில் இறங்கி வலப்பக்கம் திரும்பும் நாலடி. இது விழுந்தால் ஆட்டம் தொடரும், தப்பினால் இடமும் போச்சு, டீச்சரும் போச்சு.

பின்னாலிருந்து இரண்டு முறை பார்த்தாள். ஒரு முறை வெறும் வீச்சு. பக்கத்தில் வந்து நின்றாள். கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் நடுங்கியது. அன்றைக்கு நடுங்கியதைவிட ஒரு பங்கு அதிகமாகவே நடுங்கியது. இந்தப் பயிற்சியில் நடுக்கம் குறையும் என்று யாராவது எழுதினால் வாண்டு அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். ஒன்று. அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. இரண்டு. மூன்று. பார்க்கட்டும்.

நாலில் அடித்தாள்.

பந்து இறங்கியது, திரும்பியது, குழியின் விளிம்பைப் பிடித்து அரைவட்டம் சுற்றியது. வெளியே வந்து ஒரு கை தூரத்தில் நின்றது.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. வாண்டு நடந்துபோய் மிச்சத்தைத் தட்டி உள்ளே போட்டாள், பந்தை எடுத்தாள். குதிரைவாலுக்குக் கை கொடுத்தாள். அவள் கையை உடனே விடாமல், நானாக இருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன் என்றாள், முதன்முறையாகச் சிரித்தபடி.

அப்பா கிரீன் ஓரத்தில் குழிவெட்டியோடு நின்றிருந்தார். அம்மா கயிற்றுக்குள் நுழைந்து வந்துவிட்டாள். அப்பாவின் கண் சிவந்திருந்தது.

"இதுக்குத்தான் அங்க வெட்டினேன்," என்றார்.

"தெரியும். ஆனா அடிச்சேன்ல? அன்னைக்கு அடிக்காமத் திரும்பி வந்தேன். இன்னைக்கு அடிச்சுட்டுத் தோத்துட்டு வந்திருக்கேன். எனக்கு அதுதான்பா தெரியவேண்டியிருந்தது."

அவர் குழிவெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் தட்டிவிட்டார். பிறகு, பழைய பிடிவாதம் ஒரு துளியும் குறையாமல், நாலு பேருக்குள் வராவிட்டால் நிறுத்துவது என்று பேச்சு என்றார். அம்மா வாயைத் திறந்தாள். வாண்டு அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தப் பேச்சையும் நீங்க காலையிலேயே இடம் மாத்திட்டீங்க. சனிக்கிழமை பத்து மணிக்கு நான் போறேன். நீங்களும் வர்றீங்க."

"நான் எதுக்கு?"

"என் கை நடுங்குறதுக்கு நான் போறேன். விடியக்காலையில இருட்டுல குனிஞ்சு புல்லைக் கத்தரிச்சப்போ உங்க கை நடுங்கியிருக்கும்ல, அதுக்கு நீங்க வாங்க."

ஆபீஸ் வாசலிலிருந்து செயலாளர் அப்பாவைக் கூப்பிட்டார். உள்ளே போட்டிருந்த நாலு நாற்காலிகளில் அந்த இரண்டு நடுவர்களோடு அவரும் போய் உட்கார்ந்துகொண்டார். அப்பா குழிவெட்டியை மகள் கையில் கொடுத்தார். தொப்பியை மாட்டிக்கொண்டார். சனிக்கிழமைக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காலியாக இருந்த அந்த நாலாவது நாற்காலியை நோக்கி நடந்தார்.